ஏழாவது ஜெபக்குறிப்பு

கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபால் என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம். அன்றைக்கும் பயந்தேன். ஆனாலும் போட்டேன். அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவே என்கிற ஊரில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி அபார்ட்மென்டின் வாசலில் நின்று, கையில் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்க, தபால்காரர் நீட்டிய சீட்டில் என் பெயரை எழுதினேன். உறையின் மேல் என் கணவர் பெயர் இருந்தது. மூலையில் ஏதோ ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயர், நாலைந்து பேருடைய பெயர்களைச் சேர்த்துக் கட்டியது மாதிரி நீளமாக.

வக்கீல் என்று பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கிரீன் கார்டு போச்சு.

அது தொண்ணூறுகளின் கடைசி. என் கணவர் பக்கத்து ஊரான எடிசனில் இருந்த ஒரு கன்சல்டிங் கம்பெனி வழியாக வந்தவர். முதலாளி நம் ஊர்க்காரர். அவர்தான் எங்களுக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் நினைத்தால் விண்ணப்பம் நகரும், நினைக்காவிட்டால் நிற்கும். அவர் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வீட்டு விசேஷங்களுக்கு மற்ற எல்லோருக்கும் முந்திப் போய், கடைசியில் பாத்திரமும் துடைத்து வைத்துவிட்டு வருவேன். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. நாள் முழுக்க வீட்டில் இருந்து கவலைப்படுவதுதான் என் உத்தியோகம். பால் திரிந்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்பேன். ஃபிரிட்ஜ் கெட்டால் அபார்ட்மென்ட்காரர்கள் நம்மைத்தான் சொல்வார்கள், காலி பண்ணச் சொல்வார்கள் என்பேன்.

நான் தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுத்துவிட்டாள், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். மற்றவர்களிடம் இதை வருத்தமாகச் சொல்வேன். உண்மையில் கணக்கு டீச்சரை இனிப் பார்க்க வேண்டாமே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். பிறகு பி.ஈ. படித்தவருக்கு எப்படியோ வாழ்க்கைப்பட்டு, இங்கிலீஷ் தபால்களுக்கு நடுவில் வந்து விழுந்தேன்.

உறையைப் பிரித்தேன். இரண்டு தாள்கள். முதல் தாளின் முதல் வரியிலேயே அந்த விளையாட்டின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கணவர் காலேஜில் படித்த காலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்ததாம். அதில் ஒரு விளையாட்டு. கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் எண்ணெய்க் குடத்தோடு சுழல்படியில் ஏற வேண்டும். கப்பல் பாறையில் மோதுவதற்குள் உச்சிக்குப் போய் விளக்கை ஏற்ற வேண்டும். கடலிலிருந்து நண்டுகள் படியேறி வந்து அவன் காலைப் பிடிக்கும். அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது எங்கேயும் விற்பதில்லை. விளையாட்டும் விற்பதில்லை. அதை இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி அவர் முதலிலிருந்து திரும்பச் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால் சாயந்தரம் காபிக்குத்தான் எழுந்திருப்பார். நார்வேயில் யாரோ ஒருவர், இவர் முகம் பார்த்தறியாதவர், விளையாட்டில் வருகிற பழைய பாட்டை அப்படியே கேட்டு எழுதி அனுப்பினார். செய்து முடித்தவரைக்கும் ஒரு வெப் பக்கத்தில் போட்டு, வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

எனக்கு அதிலும் கவலைதான்.

"அடுத்தவங்க விளையாட்டுதானே? கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா?"

"யார்ட்ட கேக்க? அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. அத ஒருத்தன் வாங்கி, அவன்ட்டயிருந்து இன்னொருத்தன் வாங்கி..."

"அப்ப கடைசியா வாங்கினவர்ட்ட கேளுங்க."

"ஏட்டி, அவனுக்கு இப்படி ஒரு விளையாட்டு தன்கிட்ட இருக்கதே தெரியாது." சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன்.

"இது என்ன, நண்டா? எறும்பு மாதிரி நேரா வருது."

"ஒரிஜினல்ல அப்படித்தான்."

"அப்ப அதச் செஞ்சவன் நண்டையே பாத்ததில்ல."

சாப்பாட்டு மேஜையில் விரல்களால் ஓட்டிக் காட்டினேன். பக்கவாட்டில் ஓடும். சட்டென்று நிற்கும். கொடுக்கைத் தூக்கி நம்மையே பார்க்கும். பிறகு எதிர்ப்பக்கம் ஓடும். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு இது ஒரு வித்தையா? அவருக்கு ஆச்சரியம். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டு, பேப்பரில் குறித்து, இரண்டு வாரத்தில் என் விரல் ஓடின மாதிரியே ஓடும் நண்டைச் செய்துவிட்டார். எங்கெங்கோ இருந்து முன்பின் தெரியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். நண்டு பிரமாதம், பழையதைவிட நன்றாக இருக்கிறது என்று. அவர் வாசித்து அர்த்தம் சொல்வார். பக்கத்தின் அடியில் நண்டுக்கு யோசனை என் மனைவி என்று ஒரு வரியும் சேர்த்தார். அமெரிக்காவில் நான் செய்த ஒரு காரியத்தை வெளியாள் பாராட்டினது அது ஒன்றுதான்.

வக்கீல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த வரிதான் நெஞ்சில் குத்தியது. அவர் பெயர் மட்டும் இல்லை, நானும் அதில் மாட்டியிருக்கிறேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் பாதி தாண்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. உரிமை மீறல். இழப்பீடு. சட்ட நடவடிக்கை. இந்த மூன்றும் கிடைத்ததும் அகராதியை மூடினேன். மூன்றையும் சேர்த்து நானே ஒரு வார்த்தை பண்ணிக்கொண்டேன்: திருட்டு. அந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை கிடையாது.

அவரிடம் உடனே காட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் ஒருமுறை பார்க்கிங் டிக்கெட் ஒன்றுக்காகக் கோர்ட்டில் போட்டோக்களைக் காட்டி ஜட்ஜோடு வாதாடியவர். இதையும் பார்த்தால் சூடாகப் பதில் எழுதுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பயந்தேன். முதலில் ஜெபம், பிறகு அவர் என்று முடிவு பண்ணினேன். கடிதத்தை என் பைபிளில் யோபுவின் புத்தகத்துக்குள் வைத்தேன்.

புதன்கிழமை காலையில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு ஆன்ட்டி வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஆன்ட்டி நாகர்கோவில் பக்கம். வந்து பல வருஷம் ஆனவர். கார் இல்லாத என்னை அவரே வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஏழெட்டுப் பெண்கள். பாட்டு முடிந்ததும் ஆன்ட்டி நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஜெபக்குறிப்பு கேட்பார், நம்பர் போட்டு எழுதுவார். வெளியே சொல்ல இஷ்டமில்லாதவர்கள் சொல்லாத விண்ணப்பம் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு நம்பர் உண்டு.

"சொல்லாத விண்ணப்பம், ஆன்ட்டி" என்றேன்.

"மக்கா, போன மாசமும் இதத்தானே சொன்னே. அது என்னாச்சு?"

"அது அடுப்பு, ஆன்ட்டி. சரியாயிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்து, முடியாமல், காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனேன். ஆன்ட்டி நோட்டோடு பின்னாலேயே வந்தார்.

"முகமே சரியில்லியே. என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல, ஆன்ட்டி."

"கர்த்தருக்குத் தெரியும். ஆனா எங்களுக்கும் தெரிஞ்சாத்தானே பாரத்தோட ஜெபிக்க முடியும்?"

அவ்வளவு போதுமானதாக இருந்தது எனக்கு. "எங்க வீட்டுக்காரங்க மேல கேஸ் போடப் போறாங்க, ஆன்ட்டி. திருட்டுன்னு."

"திருட்டா? உன் மாப்பிள்ளையா? சர்ச்சுல ரெண்டாவது சமோசா எடுக்கதுக்கே நாலு பேர் முகத்தப் பாக்கிற மனுஷனாச்சே."

"கம்ப்யூட்டர் விளையாட்டு, ஆன்ட்டி. அடுத்தவங்களோடத எடுத்து இவங்க திரும்பச் செஞ்சு..."

"வித்தாரா?"

"இல்ல. சும்மா குடுத்தாங்க."

"சும்மா குடுத்தா அது எப்படி திருட்டு?"

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். அவருக்காகப் பேச ஆன்ட்டியே ஒரு வழி திறந்துவிட்டார். நான் என்ன சொன்னேன்? "அவங்க பொருள நாம சும்மா குடுத்தாலும், அது அவங்க பொருள்தானே, ஆன்ட்டி" என்றேன். கணவருக்கு எதிராக நானே சாட்சி மாதிரி. பிறகு, "யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்தேன்.

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்? கர்த்தர்ட்டதான்."

சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். ஏழாம் நம்பர். எழுதுவதைப் பார்த்தேன். அந்த நோட்டில் உள்ளதை ஆன்ட்டியின் கணவர் வாராவாரம் தட்டெழுதி, நியூஜெர்சியில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபையின் ஐக்கியத்தார் எல்லோருக்கும் ஈமெயிலில் அனுப்புவார். எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும். நிறையப் பேர் ஜெபித்தால் நல்லதுதானே என்று அந்த நிமிஷம் நினைத்தேன். பயம் வந்தவளுக்குக் கூட்டம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு அவர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க சார்... கேஸா?... யார் மேல சார்?... என் மேலயா?"

கரண்டியை வைத்தேன்.

"இல்ல சார், ஆபீஸ் மெஷின்ல எதுவும் இல்ல. வீட்ல உள்ளது. என் சொந்த நேரத்துல... இல்ல சார், திருட்டு எல்லாம் இல்ல. யார் சார் சொன்னா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. எதற்கும் பெரிதாக மாறாத அவர் முகம், என் பக்கம் திரும்பியபோது மாறியிருந்தது.

"சரி சார். திங்கக்கிழமை வாறேன்."

முதலாளியின் மனைவியும் அந்த ஈமெயில் பட்டியலில் இருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் கூட்டத்துக்கு வருகிறவர். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில் ஏழாம் நம்பர் இப்படி இருந்ததாம்: பிஸ்கட்டவே சகோதரியின் கணவர் சாஃப்ட்வேர் திருட்டு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட. பெயர் போடவில்லை. பெண்கள் கூட்டத்தில் பிஸ்கட்டவேயிலிருந்து போகிறவள் நான் ஒருத்திதான்.

"கேஸ்னு யார்ட்ட சொன்னே?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுது தப்பித்திருப்பேன்.

பைபிளைக் கொண்டுவந்து யோபுவைத் திறந்து நீட்டினேன். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். "இத முழுசா படிச்சியா?"

"முதல் பக்கம். அதுலயும் பாதி."

"ரெண்டாவது பக்கத்துல என்ன இருக்கு, பாத்தியா?"

"ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து இருந்தது. பயந்து மூடிட்டேன்."

உட்காரச் சொல்லி, வரி வரியாக அர்த்தம் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்பே, விளையாட்டுக்கு இப்போது சொந்தக்காரரான கம்பெனியின் வக்கீல்கள் ஈமெயிலில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயந்தரமே இவர் பக்கத்தை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுப் பதிலும் போட்டிருக்கிறார். தபாலில் வந்தது அதை முறைப்படி உறுதிசெய்கிற கடிதம். இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: நீங்கள் நீக்கிவிட்டதைப் பார்த்தோம், நன்றி, திரும்பப் போடாத வரைக்கும் விஷயம் இத்தோடு முடிந்தது. கேஸும் இல்லை, இழப்பீடும் இல்லை. முதல் பக்கத்தில் இருந்ததெல்லாம் அவர்கள் எல்லோருக்கும் எழுதுகிற பாணி.

"என்ட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ சாப்பிட மாட்டே."

ரசம் அடுப்பில் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப நீங்க பண்ணினது தப்பு இல்லியா?"

"தப்புதான். சும்மா குடுத்தா சரின்னு நெனச்சேன். சும்மா குடுத்தாலும் பேரு அவங்களுது. அந்தக் காவல்காரன் அவங்க வரைஞ்ச ஆளு. பாட்டு அவங்களுது. அதத் தொடக் கூடாது, நான் தொட்டேன், எடுத்துட்டேன். ஆனா படியேறி விளக்கு ஏத்துற யோசனை இருக்கு பாரு, அத யாரும் பூட்டி வைக்க முடியாது. பேரை மாத்தி, ஆளை மாத்தி, பாட்ட மாத்திப் புதுசா பண்ணா அது நம்ம விளையாட்டு. நார்வேக்காரர் பாட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு. நண்டை மட்டும் அப்படியே வச்சுக்கலாம்னு இருந்தேன்." கடிதத்தை மடித்தார். "அது அவங்க நண்டு இல்லியே. உன் நண்டு."

திங்கட்கிழமை முதலாளியிடம் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் காட்டினார். முதலாளி வாசித்தார், நம்பினார், நல்லபடியாகத்தான் பேசினாராம். ஆனாலும், சர்ச் முழுக்கத் திருட்டு என்று பேசுகிறார்கள், கிளையன்ட் காதுக்குப் போனால் கம்பெனிக்குத்தான் கெட்ட பெயர், நான் எப்படி உன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டிருக்கிறார். கிரீன் கார்டு வரும்வரை ஆபீஸ் வேலை தவிர வேறெந்த சாஃப்ட்வேரும் எழுத மாட்டேன், எங்கேயும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். இவர் எழுதிக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது இதை ஆபீஸ் செய்தி மாதிரி சொன்னார்.

"நான் போய் அவர்ட்ட பேசட்டா?"

"என்னன்னு பேசுவே?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் நார்வேக்காரருக்கு எழுதியதை எட்டிப் பார்த்தேன். குடும்பக் காரணங்களால் நிறுத்துகிறேன் என்று இருந்தது. அந்த இங்கிலீஷ் எனக்கு அகராதி இல்லாமலே புரிந்தது.

மறுநாள் ஆன்ட்டிக்குப் போன் பண்ணினேன். எப்படியாவது ஏழாம் நம்பரைத் திருத்திவிட வேண்டும்.

"ஆன்ட்டி, கேஸ் இல்லியாம்."

"ஸ்தோத்திரம்! பாத்தியா மக்கா!"

"இல்ல ஆன்ட்டி, கேஸ் முதல்லயிருந்தே இல்ல. நான்தான் தப்பா..."

"அதான் மக்கா அற்புதம். இருந்ததையே இல்லாம ஆக்கிட்டார். சனிக்கிழமை குடும்பக் கூட்டத்துல நீ சாட்சி சொல்லணும், என்ன?"

"எனக்குக் கூட்டத்துல பேச வராது, ஆன்ட்டி."

"ஜெபம் கேக்கதுக்கு வந்துல்லா. நன்றி சொல்லதுக்கும் வரும்."

சனிக்கிழமை வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அடுப்பிடம் சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். என் கணவர் மேல் எந்த வழக்கும் கிடையாது. அவர் செய்தது ஒரு பிழை, அதைக் கம்பெனிக்காரர்கள் சொன்ன அன்றைக்கே திருத்திக்கொண்டார். திருட்டு என்கிற வார்த்தையை நான்தான் போட்டேன். மூன்றே வாக்கியம். ஒன்பதாம் வகுப்பு படித்தவள் மூன்று வாக்கியம் சொல்லக் கூடாதா?

வாடகைக்கு எடுத்த சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஆன்ட்டி என் பக்கம் கையைக் காட்டினார். எழுந்தேன். இரண்டாம் வரிசையில் முதலாளியின் மனைவி இருந்தார், அன்றைக்கென்று வந்திருந்தார். நான் பொய்யாக ஒரு கதையைக் கிளப்பினேன் என்று அவர் எதிரில் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? கவனியுங்கள், என்னைப் பற்றி. என் கணவர் கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என் கணவர் மேல வந்த வழக்குலயிருந்து கர்த்தர் விடுதலை குடுத்தார். ஜெபித்த எல்லாருக்கும் நன்றி" என்றேன்.

உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டிக்கொண்டிருந்தார். இல்லாத வழக்கை என் வாயாலேயே இருந்ததாக ஆக்கிவிட்டேன்.

காரில் வரும்போது, "இனிமே பயமா இருந்தா முதல்ல என்ட்ட சொல்லு. அப்புறம் கர்த்தர்ட்ட சொல்லலாம்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் கார்டு வந்தது. சாதாரணத் தபாலில், கையெழுத்துக் கேட்காமல். இருவரும் மாறி மாறிக் கையில் வைத்துப் பார்த்தோம். இடையில் வேறு யார் யாரோ அந்த மாதிரி விளையாட்டுகளை, தங்கள் சொந்தப் பெயரும் படமும் போட்டு, செய்து வெளியிட்டுவிட்டார்கள் என்று அவர் எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தார்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "எழுதிக் குடுத்ததுதான் முடிஞ்சிட்டே. இனி நம்ம விளையாட்டைப் பண்ணலாம்லா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் இடது கையை மேஜைமேல் வைத்து விரல்களை ஓட்டினேன். பக்கவாட்டில் ஓடி, நின்று, கொடுக்கைத் தூக்கி. அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். கடைசிவரை பார்த்தார். பிறகு, இன்னொரு தரம் என்று கேட்காமல், எழுந்து கை கழுவப் போனார்.